ஆடாமல் ஆடுபவர்கள்

உலகத்தில் விளையாடுபவர் சிலர். விளையாட்டைப் பார்ப்பவரோ கோடானுகோடிப் பேர். ஆடுகளத்தில் ஓடுகிறவனுக்கு வியர்ப்பது இயற்கை. ஆனால், அவனைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவனுக்கு உள்ளங்கை ஏன் வியர்க்கிறது? கடைசிப் பந்தில் நான்கு ஓட்டங்கள் தேவை என்ற நிலையில், அடிக்கப் போகிறவன் லாகூரிலோ மெல்பேர்னிலோ நிற்க, கஹவத்தையில் இருக்கும் ஒருவன் தன் வேட்டி நுனியை ஏன் முறுக்குகிறான்? அவனுக்கு அதில் இலாபமில்லை, நட்டமுமில்லை. வென்றால் அவன் வீட்டு அரிசிப் பானை நிறைவதில்லை, தோற்றால் குறைவதுமில்லை. ஆயினும், அன்றைய இரவுச் சோறு தொண்டையில் இறங்குவதும் இறங்காததும் அந்த ஒரு பந்தைப் பொறுத்தே இருக்கிறது!

இந்த விநோதத்தைப் பற்றி நான் சிந்திக்க நேர்ந்தது, அண்மையில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நடைபெற்ற ஒரு வழக்கினால். வாதி என் மருமகள். பிரதிவாதி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் பேரன். சான்றுப்பொருள் ஒரு கைத்தொலைபேசி. நீதிபதி ஸ்தானத்தில் அமர்த்தப்பட்டவன் நான்.

“மாமா, நீங்களே கேளுங்க. விஞ்ஞானப் புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, அதுக்குள்ளாற போனை வச்சு மெட்ச் வெளையாடுறான். நான் என்னமோ பிள்ளை படிக்குதுன்னு தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறேன்!” என்றாள் மருமகள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “என்னடா இது?” என்று ஆரம்பித்தேன். பையன் தலையைக் குனிந்தபடியே நின்றான். ஆனால், வாயை மட்டும் குனியவிடவில்லை.

“தாத்தா மட்டும் அஞ்சு நாளும் டெஸ்ட் மெட்ச் பாக்குறாங்களே, அத யாராவது கேட்டீங்களா?”

நீதிபதி ஒரே விநாடியில் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெஸ்ட் ஆட்டத்தில் நாளொன்றுக்கு 90 ஓவர். ஓவருக்கு 6 பந்து. ஐந்து நாட்களுக்கு 2700 பந்துகள். அத்தனையையும் ஒன்று விடாமல் பார்க்க முயன்றவன் நான். பையன் புத்தகத்துக்குள் மறைத்து விளையாடியதோ அரை மணி நேரம். யார் பெரிய குற்றவாளி?

தீர்ப்பை ஒத்திவைத்தேன். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் ஒரு தீர்ப்புக்கு வந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒட்டுப்பால் பந்து

எங்கள் பகுதியைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் பாதையில் உள்ளது கஹவத்தை. இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் இறப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும். இடையிடையே மாணிக்கக் குழிகள். மழைக்கு இங்கே பஞ்சமில்லை. மட்டமான நிலத்துக்குத்தான் பஞ்சம்.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் கடையில் பந்து வாங்கக் காசு ஏது? பந்து மரத்தில் விளைந்தது. பால் வெட்டிய பிறகு, வெட்டுக்காயத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை ஒட்டுப்பால் என்பார்கள். அதை நாடா நாடாக உரித்தெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி உருட்டினால் ஒரு பந்து உருவாகும். அந்தப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் எழும்பும் என்பதை அதைச் செய்தவனாலும் சொல்ல முடியாது. உலகப் புகழ் பெற்ற சுழற்பந்து வீச்சாளர்கள் எத்தனையோ பேரைப் பிற்காலத்தில் பார்த்துவிட்டேன். அந்த ஒட்டுப்பால் பந்தைப் போலத் திரும்பிய பந்தை நான் கண்டதில்லை. ஒட்டுப்பாலும் தோட்டத்தின் சொத்து. அதற்கும் நிறை போட்டுக் கணக்கு உண்டு. ஆகையால், ஆட்டம் தொடங்குமுன் கணக்கப்பிள்ளையின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதே எங்கள் முதற்பயிற்சி.

மட்டைக்குத் தென்னை மட்டை. விக்கெட்டுக்கு மூன்று கோடுகள் போட்ட ஒரு கல். மைதானம், லயத்துக்கும் பீலிக்கரைக்கும் இடையே இருந்த சரிவான ஒரு துண்டு நிலம். ஆகவே, சட்டங்களையும் நாங்களே இயற்றிக்கொண்டோம். பள்ளத்துக்குள் பந்தை அடித்தவன் ஆட்டமிழந்தான். போய் எடுத்துவர வேண்டியவனும் அவனே. கோயில் கூரையில் பட்டால் இரண்டு ஓட்டம். யாருடைய வீட்டு வாசலிலாவது காய்கிற வேட்டியில் பந்து பட்டால், அன்றைய ஆட்டம் முடிந்தது!

மழை எங்கள் ஆட்டத்தை மட்டுமா நிறுத்தியது? பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பெரியவர்களுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. ஒரே மழை, அப்பாவுக்குச் சம்பளம் போயிற்று, பிள்ளைக்கு ஆட்டம் போயிற்று. அந்நாட்களில் இரண்டுக்கும் ஒரே அளவு துக்கப்பட்டேன் என்று இப்பொழுது எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

மங்கிக்கொண்டே போன திரை

இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி, இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் ஆரம்பித்தது. அந்த மைதானத்தின் பெயர் பி. சரவணமுத்து விளையாட்டரங்கு. ஒரு தமிழரின் பெயர் தாங்கிய மைதானத்தில் இந்நாட்டின் டெஸ்ட் வரலாறு தொடங்கியது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அதற்கு இரண்டு நாட்கள் முன்னர்தான், பெப்ரவரி 15ஆம் திகதி, ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. ஆனால், லயத்துக்கு அந்தத் திரை வந்து சேர வெகுகாலம் பிடித்தது. எங்களுக்கு வானொலியே கண்.

வானொலிக்குப் பற்றரிக் கட்டைகள் வேண்டும். சக்தி குறைந்த கட்டைகளை வெயிலில் காயவைத்தால் சற்றே உயிர் வரும். எங்கள் ஊரில் வெயிலை நம்ப முடியாதாகையால், அடுப்படியில் வைத்து அனல் காட்டுவோம். மறுநாள் ஆட்டத்துக்காக இரவு முழுவதும் அடுப்பருகே படுத்திருந்த பற்றரிக் கட்டைகளைப் பார்த்து, “பிள்ளையைக்கூட இவ்வளவு பக்குவமா யாரும் தூங்க வைக்கிறதில்ல” என்பார் என் தாயார்.

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி வந்தது. அதற்குள் எங்கள் லயத்துக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வந்திருந்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போன வாலிபன் ஒருவன் கொண்டுவந்த சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. மின்சாரம் இல்லை, வாகனப் பற்றரி ஒன்றில் அது இயங்கியது. அதைச் சக்தியேற்ற வேண்டுமானால், சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கஹவத்தைக் கடைவீதிக்கு இறங்க வேண்டும். அந்த மாதம் முழுவதும் அப்பற்றரியைச் சுமப்பதற்கு எங்கள் லயத்து வாலிபர்களுக்குள் போட்டி.

அவ்வருஷம் ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் தகர்ந்தது. அதனால் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு வந்து ஆட மறுத்தன. அவ்வேளையில் இந்திய வீரரும் பாகிஸ்தான் வீரரும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து, இலங்கையோடு ஒரு நட்புறவு ஆட்டம் ஆடிச் சென்றார்கள். விளையாட்டின் வரலாற்றில் எண்ணி மகிழத்தக்க நாட்களுள் அது ஒன்று.

பின்னர் மார்ச் 13ஆம் திகதி அரையிறுதி. இலங்கையும் இந்தியாவும் கல்கத்தாவில் மோதின. எங்கள் லயத்தில் அன்று கூடியிருந்தவர்களுள் ஒரு முதியவர் இருந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, கடவுச்சீட்டும் பெற்றவர். கப்பலேறத் தயாராகும் வேளையில், 1984இல், யுத்தத்தினால் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றுபோயிற்று. அவரும் நின்றுவிட்டார். மனைவியை அடக்கஞ் செய்ததும் இங்கே, பேரப்பிள்ளைகள் பிறந்ததும் இங்கே. கடதாசியில் மட்டும் அவர் இந்தியர்.

யாரோ ஒரு குறும்புக்காரப் பையன் அவரிடம் கேட்டான்: “தாத்தா, நீங்க எந்தப் பக்கம்?”

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்னார்: “பாஸ்போட்டு அந்தப் பக்கம்டா. நான் இந்தப் பக்கம்.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்று இலங்கை 8 விக்கெட்டுக்கு 251 ஓட்டங்கள் எடுத்தது. ஒரு விக்கெட்டுக்கு 98 என்று கம்பீரமாக நின்ற இந்தியா, மளமளவென்று சரிந்து 8 விக்கெட்டுக்கு 120 ஆயிற்று. அரங்கத்தில் போத்தல்கள் பறந்தன, ஆசனங்கள் எரிந்தன. ஆட்ட மத்தியஸ்தரான கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்கு வழங்கினார். எங்கள் லயத்தில் ஒரு கூட்டம் கைதட்டிற்று. டெண்டுல்கர் ஆட்டமிழந்ததற்காக ஒருவன் கண்கலங்கினான். இரண்டு பேரும் மறுநாள் காலையில் ஒரே பிரட்டுக்களத்தில்தான் நின்றார்கள்.

நான்கு நாள் கழித்து, மார்ச் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் இறுதி ஆட்டம். அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 241. தேயிலைத் தோட்டத்துக்கு உழைக்க வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரன் பத்து ஓவர் வீசி 31 ஓட்டங்களே கொடுத்தார். இலங்கை ஆடத் தொடங்கி 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்தது. அப்பொழுது அரவிந்த டி சில்வா வந்தார்.

அதே சமயத்தில் எங்கள் பற்றரி இறங்கத் தொடங்கிற்று. சக்தி குறையக் குறையத் திரையின் ஓரங்கள் உள்வாங்கின. படம் சுருங்கிச் சுருங்கி ஒரு தபாலட்டை அளவுக்கு வந்துவிட்டது. மட்டை எது, ஆள் எது என்று தெரியவில்லை. “நிப்பாட்டுங்கடா! கடைசி ஓவர்களுக்கு வேணும்” என்றார் ஒருவர். பெட்டியை அணைத்தோம். வானொலியைத் திருகினோம். இருட்டில் நாற்பது பேர் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெற்றிக்குச் சில ஓட்டங்களே இருக்கையில் பெட்டியை மீண்டும் போட்டோம். மங்கிய அந்தத் தபாலட்டைக்குள், அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்தைப் பின்புறமாகத் தட்டிவிட்டதை நாங்கள் கண்டோமா, கேட்டோமா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. 46.2 ஓவர்களில் 3 விக்கெட்டுக்கு 245. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. இலங்கை உலக வெற்றி வீரர்!

அந்த முதியவர் எழுந்து நின்று கைகளைத் தட்டினார். “நம்ம பயலுக ஜெயிச்சிட்டானுக!” என்றார்.

‘நம்ம’ என்ற அச்சொல்லை எழுதிக்கொடுக்க அன்று எந்தக் கந்தோரும் அவருக்கு இருக்கவில்லை. அவரைப் போன்ற எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. அப்போது அவர் உயிரோடு இல்லை. பார்வையாளனின் உற்சாகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது இகழும்போதெல்லாம் எனக்கு அவரது குரல் கேட்கிறது. சட்டம் கொடுக்கத் தயங்கிய ஒன்றை, ஒரு பந்தாட்டம் அவருக்கு ஓர் இரவுக்காவது கொடுத்தது.

பென்சில் தட்டலும் புத்தக ஆட்டமும்

இனி, பேரனின் கட்சிக்கு வருவோம். ‘கைத்தொலைபேசியில் ஆடுவது உண்மையான ஆட்டமா? வெறும் மாயைதானே?’ என்பது பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால், மாயை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், குற்றம் எங்கள் தலைமுறைக்கும் முந்தியது.

1938ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, அந்த வருணனையைத் தம் நாட்டு மக்களுக்குக் கேட்கச் செய்ய அவுஸ்திரேலிய வானொலியார் ஓர் உபாயம் செய்தார்கள். ஆடுகளத்திலிருந்து தந்திகள் வரும். வருணனையாளர்கள் சிட்னி நகரில் அறைக்குள் இருந்தபடியே அத்தந்திகளைப் பார்த்து, கண்முன் நடப்பதுபோல வருணிப்பார்கள். மட்டையில் பந்து படும் ஓசைக்கு, ஒரு மரக்கட்டையில் பென்சிலால் தட்டுவார்கள். கரகோஷத்துக்கு இசைத்தட்டு! மக்கள் இரவிரவாக விழித்திருந்து அந்தப் பென்சில் தட்டலைக் கேட்டு மெய்சிலிர்த்தார்கள். ஆக, ரசிகன் எப்பொழுதும் பாதி ஆட்டத்தைத் தன் மனத்துக்குள்தான் ஆடிக்கொள்கிறான்.

பாடசாலையில் நாங்கள் ஆடிய புத்தகக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பியதும், பாடப்புத்தகத்தை ஏதாவது ஓரிடத்தில் திறப்போம். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கமே ஓட்டம். 2, 4, 6 என்றால் அதே அளவு ஓட்டங்கள். 8 வந்தால் ஒன்று. 0 வந்தால் ஆட்டமிழப்பு. இதில் ஒரு நிகழ்தகவுக் கணக்கும் இருக்கிறது. மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஐந்து இலக்கங்களும் சம வாய்ப்புள்ளவை. ஆகவே, சராசரியாக ஐந்து முறை திறந்தால் ஒருமுறை பூச்சியம்; அதற்கு முன் நான்கு முறை ஓட்டங்கள். 2, 4, 6, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 13. எனவே, ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 13 ஓட்டம். பத்து விக்கெட்டுக்கு 130. 2014ஆம் ஆண்டு டாக்காவில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியா இலங்கைக்கு எதிராக எடுத்த ஓட்டங்களும் 130 என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அந்தக் கிண்ணத்தையும் இலங்கையே வென்றது.

புத்தகத்தின் மறைவில் நாங்கள் ஆடியதற்கும், புத்தகத்தின் மறைவில் என் பேரன் ஆடியதற்கும் என்ன பேதம்? நாங்கள் புத்தகத்தையே ஆட்டக் கருவியாக்கினோம். அவன் அதைத் திரையாக்கினான். அவ்வளவுதான்.

வீடியோ விளையாட்டின் பிறப்பும் பந்தாட்டத்தோடு சம்பந்தப்பட்டதே. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிகவியலாளர் பணியாற்றினார். ஆய்வுகூடத்தைப் பார்க்க வரும் பொதுமக்கள் அசையாத காட்சிப்பொருள்களைப் பார்த்துச் சலிப்படைவதைக் கண்டு, மின்னலைகளைக் காட்டும் சிறிய வட்டத் திரை ஒன்றில் இருவர் டெனிஸ் ஆடும்படி ஒரு பொறியை அமைத்தார். ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டி அங்குமிங்கும் துள்ளியது. மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் புகழ்பெற்ற ‘பொங்’ என்ற ஆட்டமும் பந்தும் மட்டையுமே. இன்று கைத்தொலைபேசியில் நம் பிள்ளைகள் ஆடும் ‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ என்ற ஆட்டமோ, சென்னையிலுள்ள நெக்ஸ்ட்வேவ் என்ற நிறுவனத்தின் ஆக்கம். 2023இல் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கமே வழங்கினார்கள். மாயை என்று ஒதுக்கிவிடக்கூடிய காலம் கடந்துவிட்டது.

பூச்சியத்துக்கு ஆட்டமிழந்த கதை

விசாரணையின் ஓர் அங்கமாக, சான்றுப்பொருளை நானே பரிசோதித்தேன். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினான். பந்து எங்கே குத்தும் என்பதைத் தரையில் ஒரு வட்டம் காட்டும். விரலை எந்தத் திசையில் இழுக்கிறோமோ அந்தத் திசையில் மட்டை வீசும். எப்பொழுது தொடுகிறோம் என்பதே சூட்சுமம். முன்கூட்டித் தொட்டால் பந்து வானத்துக்கு. பிந்தித் தொட்டால் விக்கெட்டுக்கு.

முதற்பந்து விக்கெட்டைப் பெயர்த்தது. மறுபடி ஆடினேன், மறுபடியும் பூச்சியம்.

“தாத்தா, அவசரப்படாதீங்க. பந்து வரட்டும். வந்த பெறகு அடிங்க” என்றான் பையன்.

நான் திடுக்கிட்டுப் போனேன். தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் தகப்பனுக்கு, இதே இஸ்தோப்பின் முன்னே நான் சொன்ன வார்த்தைகள் அல்லவா அவை! அந்த வட்டமும் விரலசைப்பும் எப்படியோ அந்த உபதேசத்தை என்னிடமே கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

ஆயினும், தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், மின்விளையாட்டுச் சீர்கேடு என்பதும் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு அவர்கள் கூறும் அடையாளங்கள் மூன்று: ஆட்டத்தைத் தன் வசத்தில் வைத்திருக்க முடியாமை, மற்றெல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்துக்கே முதலிடம் கொடுத்தல், கெடுதல் நேர்ந்தும் விடாமல் தொடர்தல். இந்நிலை பெரும்பாலும் ஓராண்டு காலமாவது நீடித்தால்தான் அது நோய். அரை மணி நேரம் ஆடும் பிள்ளையெல்லாம் நோயாளியல்ல என்பதைத் தாய்மார் கவனிக்க. ஆனால், ஆட்டத்துக்குள்ளேயே காசு கேட்கும் கடைகளும், பந்தயம் கட்டத் தூண்டும் விளம்பரங்களும் இருக்கின்றன. தாயின் நாட்சம்பளத்தில் போட்ட ‘ரீலோட்’ அதில் கரைந்தால், அது விளையாட்டல்ல.

இம்மூன்று அடையாளங்களையும் எனக்குப் பொருத்திப் பார்த்தேன். 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் காலி மைதானத்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு விக்கெட்டும் ஒரு மைதானமும்

அந்த ஆட்டத்தை எப்படி விட முடியும்? முரளிதரனின் கடைசி டெஸ்ட் அது. அதற்கு முன் அவர் வீழ்த்தியிருந்தவை 792. தேவை இன்னும் எட்டு. இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு வந்தன. மூன்றாவது வருவேனா என்றது. 22ஆம் திகதி, கடைசி ஆட்டக்காரரான பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து மஹேல ஜயவர்தனவின் கையில் விழுந்தது. 800! டெஸ்ட் வரலாற்றில் வேறு எவரும் எட்டாத எண்.

அவரது பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து இந்நாட்டின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர். இந்தச் செய்தியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால், பாதியைத்தான் சொல்கிறோம். மீதிப் பாதி இது: தந்தையார் கண்டியில் பிஸ்கட் உற்பத்தி செய்யும் தொழிலதிபராக உயர்ந்தார். மகன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். அங்கே மைதானம் இருந்தது. சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைப் பார்த்து, ‘நீ சுழற்பந்து வீசு’ என்று திசைதிருப்பியவர் அவரே. மணிக்கட்டு பிறவியில் வந்தது. மைதானமும் குருவும் பாடசாலையில் கிடைத்தன. இரண்டும் சேர்ந்தபோதுதான் 800 பிறந்தது.

எங்கள் பேரன் கைத்தொலைபேசியில் ஆடும்போது அவன் கண்கள் எதைப் பார்க்கின்றன என்று கவனித்தேன். பச்சைப் பசேலென்ற மட்டமான புல்தரை, வெள்ளை எல்லைக்கோடு, ஒளிவெள்ளம். இங்கே சரிவும் பள்ளமும் இறப்பர் வேரும் நிறைந்த நிலத்தில் நிற்கும் பிள்ளைக்கு, அந்தச் சிறிய கண்ணாடிக்குள்தான் ஒரு முழு மைதானம் இருக்கிறது. அதைப் பறித்துவிட்டு, ‘வெளியே போய் விளையாடு’ என்று சொல்வதற்கு முன், வெளியே எங்கே என்று அவன் கேட்டால் நம்மிடம் விடை இருக்க வேண்டாமா?

தீர்ப்பு

ஆகவே, சம்பந்தப்பட்ட சகலரையும் இஸ்தோப்பில் கூட்டித் தீர்ப்பை வாசித்தேன். ஒன்று: பேரன் நாளொன்றுக்குப் பத்து ஓவர் ஆடலாம், பாடம் முடிந்த பிறகு, எல்லோரும் பார்க்க, புத்தகத்தின் மறைவில்லாமல். இரண்டு: பரீட்சை முடியும்வரை தாத்தாவும் டெஸ்ட் ஆட்டத்தில் நாளொன்றுக்கு ஓர் அமர்வு மாத்திரமே பார்க்கலாம், சத்தத்தைக் குறைத்து. மூன்று: ஞாயிறு மாலையில் மழையில்லையென்றால் இருவரும் வெளியே இறங்கி மெய்யான பந்தைத் தொட வேண்டும்.

முதலிரண்டையும் கேட்டு மருமகள் திருப்தியடைந்தாள். இரண்டாவதைக் கேட்டு எனக்கே கண்கலங்கிற்று.

தீர்ப்பின் நான்காவது பகுதி வீட்டாருக்கானதல்ல. தோட்டந்தோறும் ஒரு மட்டமான நிலம். வாரத்தில் ஒருநாள் வந்து, மட்டையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஓர் ஆசிரியர். இவ்விரண்டையும் கோருவது ரசிகனின் உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும். நாம் ஒரு மட்டையையும் தொடாமல் இத்தனை வருஷங்களாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கைதட்டலில் கொஞ்சத்தை மிச்சம்பிடித்து, பிள்ளைகளுக்காகக் கதவுகளைத் தட்டினால் என்ன?

சென்ற ஞாயிறு மாலை மழை விட்டிருந்தது. பேரன் மட்டையோடு நின்றான். நான் பந்து வீசினேன். அவன் அவசரப்படவில்லை, பந்தை வரவிட்டு, வந்த பிறகு ஓங்கி அடித்தான். அது என் தலைக்கு மேலாகப் பறந்து பள்ளத்துக்குள் விழுந்தது.

“சிக்ஸர்!” என்றான்.

“அவுட்” என்றேன். “போய் எடுத்துக்கிட்டு வா.”